இறந்தவருக்கு வரவேண்டிய கடன்: முதல் நிர்வாகிக்குப் பின் வருபவர் வசூலிக்க முடியுமா?

கொல்கத்தா: வங்காளப் புத்தாண்டான பொய்லா பொய்சாக் நாளில் கரியாஹாட் சந்திப்பைச் சுற்றியுள்ள புடவைக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் 'ஹால்காதா' எனப்படும் புதுக்கணக்குப் புத்தகம் திறக்கப்படுகிறது. வாடிக்கையாளர்கள் பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டு, கடைக்காரர் தரும் இனிப்பையும் நாட்காட்டியையும் பெற்றுச் செல்வது வழக்கம். கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் உயிரோடு இருக்கும்வரை இந்த ஏற்பாட்டுக்குச் சட்டப் புத்தகம் தேவைப்படுவதில்லை. கணக்கின் சொந்தக்காரர் இறந்த பிறகே கேள்விகள் எழுகின்றன. அவருடைய சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் நியமித்தவரும் வசூலை முடிக்கும் முன் இறந்துவிட்டாலோ நீக்கப்பட்டாலோ, அடுத்து வரும் நிர்வாகி எந்த உரிமையில் கடனாளியிடம் பணம் கேட்கலாம்? கடனாளி அவரிடம் கொடுத்தால் கடன் தீர்ந்ததாகுமா?

இக்கேள்விகளுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம், உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் விடை கிடைக்கிறது. கரியாஹாட்டிலிருந்து ராஷ்பிகாரி நிழற்சாலை வழியே மேற்கே சென்றால் வரும் லேக் மார்க்கெட் வட்டாரத்தில் பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. கொல்கத்தாவில் வீடு, சென்னையில் வைப்புத்தொகை, உறவினருக்குக் கைமாற்றாகக் கொடுத்த பணம் என்று இரண்டு மாநிலங்களில் பரவிய சொத்துகளைக் கொண்ட இத்தகைய குடும்பங்களுக்கு இது ஏட்டளவிலான கேள்வி அன்று.

கடன் யாருக்குச் சொந்தம்?

சொத்து நிர்வாகிக்கும் கடனுக்கும் உள்ள உறவைச் சரியாகப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். இறந்தவரின் சொத்து முழுவதும் நிர்வாகியிடம் நிலைபெறுகிறது என்று சட்டத்தின் 211ஆவது பிரிவு கூறுகிறது. அந்த உரிமை அவருடைய பதவியைச் சார்ந்தது. அவர் இறந்தால் அது அவருடைய மனைவி, மக்களுக்குச் செல்லாது. வசூலாகாத கடன் அவருடைய சொந்தச் சொத்தோடு கலப்பதும் இல்லை. முதலில் இறந்தவரின் சொத்திலேயே அது நிற்கிறது.

ஆகவே, பின்வரும் நிர்வாகி முந்தைய நிர்வாகியின் வாரிசாக வருவதில்லை. முதலில் இறந்தவரின் பிரதிநிதியாகவே வருகிறார். உயிரோடு இருந்தபோது கடனை வசூலிக்க இறந்தவருக்கு என்ன அதிகாரம் இருந்ததோ அதே அதிகாரம் நிர்வாகிக்கும் உண்டு என்பது 305ஆவது பிரிவு. அவதூறு, தாக்குதல், உடற்காயம் போன்ற சில கோரிக்கைகள் மட்டுமே இறந்தவரோடு முடிந்துவிடும் என்று 306ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. பணக்கடன் அந்த விலக்கில் வராது. 319ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: சொத்தையும் கடன்களையும் உரிய கவனத்துடன் திரட்டுவது நிர்வாகியின் கடமை. விருப்பமிருந்தால் வசூலிக்கலாம் என்ற சலுகையாகச் சட்டம் இதைக் கருதவில்லை.

புரொபேட் பெற்ற உயில் நிறைவேற்றுநர் சொத்தின் ஒரு பகுதியை நிர்வகிக்காமல் விட்டு இறந்தால், அந்தப் பகுதிக்கெனப் புதிய பிரதிநிதியை நியமிக்கலாம் என்று 258ஆவது பிரிவு சொல்கிறது. முழுமையாக நிர்வகிக்கப்படாத சொத்துக்கு நிர்வாக ஆணை வழங்கும்போது, முதல் ஆணைக்குப் பொருந்தும் விதிகளையே நீதிமன்றம் பின்பற்ற வேண்டும் என்பது 259ஆவது பிரிவு. இத்தகைய நிர்வாகியைச் சட்ட நூல்கள் 'டி போனிஸ் நான்' என்ற லத்தீன் தொடரால் குறிக்கின்றன. நிர்வகிக்கப்படாமல் எஞ்சிய சொத்துகளுக்கானவர் என்பது அதன் பொருள். தமிழில் 'எஞ்சிய சொத்து நிர்வாகி' என்றால் போதும். அவருடைய அதிகாரத்தின் எல்லையும் அப்பெயரிலேயே அடங்கிவிடுகிறது.

எஞ்சியது எது என்பதில்தான் சிக்கல். முதல் நிர்வாகி கடனை வசூலித்துச் சொத்துக் கணக்கில் சேர்த்துவிட்டிருந்தால் கடனாளியிடம் கேட்க ஒன்றுமில்லை. வசூலித்துத் தம் சொந்தக் கணக்கில் போட்டுக்கொண்டிருந்தாலும், நல்லெண்ணத்தோடு செலுத்திய கடனாளியை மீண்டும் தொட முடியாது. அந்தப் பணத்துக்கு முந்தைய நிர்வாகியோ அவருடைய வாரிசுகளின் கையில் உள்ள சொத்தோதான் பதில் சொல்ல வேண்டும். பழைய புரோநோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தம் சொந்தப் பெயரில் புதிய புரோநோட்டு எழுதி வாங்கும் நிர்வாகிகளும் உண்டு. வசதிக்காகச் செய்ததாக இருக்கலாம். ஆனால், பின்வருபவருக்கு இதைவிடப் பெரிய தலைவலி வேறில்லை. ஏடுகளின்படி அக்கடன் இறந்தவருடையதாகவே தெரியாது.

இங்கிலாந்தின் பழைய சட்டத்தில் நிலைமை இன்னும் கடுமையாக இருந்தது. முதல் நிர்வாகி வழக்காடித் தீர்ப்பும் பெற்ற பிறகு இறந்தால், எஞ்சிய சொத்து நிர்வாகி அத்தீர்ப்பை நிறைவேற்ற முடியாது. அவருக்கும் அந்த வழக்குக்கும் தொடர்பில்லை என்று நீதிமன்றங்கள் கைவிரித்தன. இரண்டாம் சார்லஸ் மன்னர் காலத்தில், 1665இல், நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றித்தான் அக்குறையைப் போக்கியது. இன்றைய இந்தியாவில், சட்டத்தின் இயக்கத்தால் தீர்ப்பாணையின் உரிமை மாறினால் புதியவர் அதை நிறைவேற்றக் கோரலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆவது கட்டளை, 16ஆவது விதி வழிசெய்கிறது. அதற்கு 12 ஆண்டு அவகாசமும் உண்டு.

கொல்கத்தா தந்த தீர்ப்பு

நிர்வாகி மாறும்போது கடனின் கதி என்ன என்பதில் கொல்கத்தாவிலிருந்து சென்ற ஒரு வழக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. தேவேந்திரநாத் தத் எதிர் வங்காள அட்மினிஸ்டிரேட்டர் ஜெனரல் என்ற அவ்வழக்கில் 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ஒருவர் பொய் சொல்லி நிர்வாக ஆணை பெற்றுச் சொத்தைக் கையாடினார். மோசடி வெளிப்பட்டு ஆணை ரத்தானது. அடுத்த நிர்வாகியாக வந்த அட்மினிஸ்டிரேட்டர் ஜெனரல், முதல் நிர்வாகிக்குப் பிணை நின்றவர்கள்மீது பிணைப்பத்திரத்தின் பேரில் வழக்குத் தொடுத்தார். மோசடியால் பெற்ற ஆணை தொடக்கத்திலிருந்தே செல்லாது, ஆகவே எங்கள் பிணையும் செல்லாது என்று பிணையாளர்கள் வாதிட்டனர். பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. ரத்து செய்யப்படும்வரை ஆணை நடைமுறையில் இருந்தது. ஆகவே பிணையும் இருந்தது.

இத்தீர்ப்பு இரு பக்கமும் வெட்டும். பின்வந்த நிர்வாகி, முன்னவர் ஏற்படுத்திய இழப்பைப் பிணையாளர்களிடம் வசூலிக்கலாம். அதே காரணத்தால், முதல் நிர்வாகியின் ஆணை உயிரோடு இருந்த காலத்தில் அவரிடம் நேர்மையாகப் பணம் செலுத்திய கடனாளியை அவர் தொந்தரவு செய்ய முடியாது. ஆணை ரத்தாகும் முன் நல்லெண்ணத்துடன் செலுத்திய தொகை கடனாளிக்குச் சட்டப்படியான விடுதலை தரும் என்று 297ஆவது பிரிவு இன்று இதை எழுத்திலேயே உறுதிசெய்கிறது. நிர்வாகியிடம் பிணைப்பத்திரம் வாங்குவதற்கு 291ஆவது பிரிவும், அப்பத்திரத்தைப் பின்வருபவருக்கு நீதிமன்றம் மாற்றிக் கொடுப்பதற்கு 292ஆவது பிரிவும் உள்ளன. கடனாளி திவாலாகி, முன்னவரும் அலட்சியமாக இருந்த நிலையில், பல நேரங்களில் பிணையாளரே மிஞ்சும் ஒரே வழியாக இருப்பார்.

அட்மினிஸ்டிரேட்டர் ஜெனரல் அலுவலகத்துக்கு இந்த மாற்றச் சிக்கல் வருவதேயில்லை. 1963ஆம் ஆண்டின் தனிச் சட்டப்படி அப்பதவி, ஆள் மாறினாலும் தொடரும் தனிநபர் கழகம். ஓர் அதிகாரி ஓய்வுபெற்று மற்றொருவர் பொறுப்பேற்றாலும் புதிய ஆணை வேண்டியதில்லை; வழக்கு அதே பெயரில் நடக்கும்.

நிறைவேற்றுநரின் பதவி மரபுரிமையாக வருவதில்லை என்பதற்குக் கொல்கத்தாவில் அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. தொழிலதிபர் எம்.பி.பிர்லாவின் மனைவி பிரியம்வதா பிர்லா 2004 ஜூலை 3 அன்று காலமானார். 1999 ஏப்ரல் 18 தேதியிட்ட உயிலின்படி கணக்குத் தணிக்கையாளர் ஆர்.எஸ்.லோதாவுக்குச் சொத்து செல்வதாகக் கூறப்பட, பிர்லா குடும்பத்தினர் எதிர்த்தனர். சொத்து மதிப்பு 5,000 கோடி ரூபாய் என்று அன்றைய செய்திகள் குறிப்பிட்டன. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, 2008 அக்டோபரில், லோதா லண்டனில் மறைந்தார். அவருடைய மகன்கள் நிறைவேற்றுநர் என்ற பதவியைப் பெற்று வரவில்லை. உயிலால் பயன்பெற்றவரின் வாரிசுகள் என்ற தகுதியில், உயில் இணைத்த நிர்வாக ஆணை கோரி வழக்கைத் தொடர்ந்தனர். சொத்தைப் பாதுகாக்க உயர் நீதிமன்றம் பின்னர் நியமித்த மூவர் குழுவிலும் உறுப்பினர்கள் மாறியிருக்கிறார்கள்.

இப்படி வழக்கு முடியும்வரை நியமிக்கப்படும் நிர்வாகிக்கு 247ஆவது பிரிவு பொது நிர்வாகியின் எல்லா அதிகாரங்களையும் தருகிறது. சொத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் உரிமை மட்டும் இல்லை. எனவே அவர் கடன்களை வசூலிக்கலாம். ஆனால் இறந்தவர் பங்கு வைத்திருந்த நிறுவனத்துக்கு வரவேண்டிய கடன் இறந்தவருக்கு வரவேண்டிய கடன் ஆகாது. உயிலை விசாரிக்கும் நீதிமன்றத்தின் அதிகாரம் நிறுவனங்களின் உள் நிர்வாகத்துக்கு நீளாது என்று தலைமை நீதிபதி டி.எஸ்.சிவஞானம் இடம்பெற்ற அமர்வு 2023 டிசம்பரில் இதே வழக்கில் கூறியது. குடும்ப நிறுவனம் நடத்துவோர் இந்த வேறுபாட்டை அடிக்கடி மறந்துவிடுகின்றனர்.

கடிகாரம் நிற்பதில்லை

உரிமை இருப்பதால் மட்டும் பணம் வந்துவிடாது. நிர்வாகிகள் மாறும் இடைவெளியில் கடன்கள் உண்மையில் அழிவது காலவரம்பால்தான். கைமாற்றுக் கடனுக்கும் புரோநோட்டுக்கும் அவகாசம் மூன்று ஆண்டு. அது ஓடத் தொடங்கிய பின் எந்த இயலாமையும் அதை நிறுத்தாது என்பது காலவரம்புச் சட்டத்தின் 9ஆவது பிரிவு. அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு: கடன் கொடுத்தவரின் சொத்துக்குக் கடனாளியே நிர்வாகியாக நியமிக்கப்பட்டால், அவருடைய நிர்வாகம் நீடிக்கும்வரை காலம் ஓடாது. தம்மீது தாமே வழக்குப் போட முடியாதல்லவா!

எடுத்துக்காட்டாக, கரியாஹாட்டில் கடை வைத்திருந்த ஒருவர் கொடுத்த 6 லட்சம் ரூபாய் 2022 மார்ச் 1 அன்று திரும்பி வரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவர் 2022 டிசம்பரில் இறக்கிறார். 2023 அக்டோபரில் அண்ணன் நிர்வாக ஆணை பெற்று, 2024 நவம்பரில் அவரும் இறக்கிறார். தங்கைக்கு 2025 ஆகஸ்டில் புதிய ஆணை கிடைக்கிறது. தவணை நாள் கடன் கொடுத்தவர் உயிரோடு இருந்தபோதே வந்துவிட்டதால், மூன்று ஆண்டு 2025 மார்ச் தொடக்கத்தில் முடிந்துவிட்டது. தங்கையின் கையில் ஆணை இருக்கிறது. வழக்காடக் கடன் இல்லை.

ஆனால் அண்ணன் 2024 ஜூனில் கடனாளியிடம் ஒரு பகுதித் தொகை வாங்கி, அதைக் கடனாளியின் கையெழுத்தோடு எழுத்தில் பெற்றிருந்தால் கதை மாறுகிறது. 18, 19ஆவது பிரிவுகளின்படி அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். 2027 ஜூன் வரை தங்கை வழக்குப் போடலாம். முதல் நிர்வாகி வாங்கி வைத்த ஒரு கையெழுத்து இரண்டாம் நிர்வாகியின் வழக்கைக் காப்பாற்றுகிறது. வாய்மொழியாக ஒப்புக்கொண்டதற்கு இந்த மதிப்பு இல்லை.

கடன் கொடுத்தவர் இறந்த பிறகே தவணை நாள் வந்தால், வழக்குத் தொடரத் தகுதியுள்ள சட்டப் பிரதிநிதி வரும் நாளிலிருந்து காலம் கணக்கிடப்படும் என்று 16ஆவது பிரிவு ஆறுதல் தருகிறது. அதை நம்பி ஓய்ந்திருப்பது நல்லதன்று. உயில் இல்லாமல் இறந்த இந்துவின் வாரிசுகள், நிர்வாக ஆணை இல்லாமலேயே வழக்கைத் தாக்கல் செய்ய முடியும். கடனாளிக்கு எதிராகத் தீர்ப்பாணை பெறும் முன்தான் 214ஆவது பிரிவு நிர்வாக ஆணையையோ வாரிசுரிமைச் சான்றிதழையோ கேட்கிறது. ஆகவே, 'தகுதியுள்ள பிரதிநிதி முதல் நாளிலிருந்தே இருந்தார்' என்று எதிர்த்தரப்பு வழக்குரைஞர் வாதிட இடமுண்டு.

காலாவதி நெருங்கும்போது முழு ஆணைக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. சொத்தைத் திரட்டிப் பாதுகாக்கவும் கடன்களுக்கு ரசீது கொடுக்கவும் மட்டுமான வரம்புள்ள ஆணையை 253ஆவது பிரிவின்படி கேட்கலாம். அதிகம் பயன்படுத்தப்பட வேண்டிய பிரிவு இது.

வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும்போது நிர்வாகி இறந்தால் கெடு இன்னும் குறுகியது. 22ஆவது கட்டளையின்படி அடுத்தவரைச் சேர்க்க 90 நாளுக்குள் மனு செய்யாவிட்டால் வழக்கு அற்றுப்போகும். அதை ரத்து செய்யக் கேட்க மேலும் 60 நாள் உண்டு. நிர்வாகி இறக்காமல் நீக்கப்பட்டிருந்தால், அதே கட்டளையின் 10ஆவது விதியின்படி நீதிமன்ற அனுமதியுடன் புதியவர் தொடரலாம். எப்படியானாலும் முந்தைய வழக்கு விட்ட இடத்திலிருந்தே நடக்கும். முன்னவர் தாக்கல் செய்த நாளே காலவரம்புக்குக் கணக்கு.

முன்னவரின் அலட்சியத்தால் கடன் காலாவதியானால் யார் பொறுப்பு? 369ஆவது பிரிவு இதற்கு உதாரணத்தோடு பதில் தருகிறது. காலாவதி என்று கடனாளி சொல்லும் நிலை வரும்வரை வழக்குப் போடாமல் இருந்த நிறைவேற்றுநர், அத்தொகையைத் தாமே ஈடுசெய்ய வேண்டும். கட்டக்கூடிய கடனாளிக்குக் கடனைத் தள்ளிக் கொடுத்தவரும் அப்படியே. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அண்ணனின் கையில் 13 மாதம் இருந்தது. தங்கை தன் அண்ணன் விட்டுச் சென்ற சொத்தின்மீது உரிமை கோர வேண்டியிருக்கும். சட்டப்படி வழி திறந்திருக்கிறது. அண்ணியின் வீட்டு வாசலில் அதைச் சொல்வது வேறு விஷயம்.

எந்தக் காகிதம், எந்த நீதிமன்றம்?

பெயர்க் குழப்பம் பலரைத் தவறான அலுவலகத்துக்கு அனுப்புகிறது. தமிழ்நாட்டில் வட்டாட்சியர் தரும் 'வாரிசு சான்றிதழ்' யார் யார் வாரிசுகள் என்று சொல்லும் ஆவணம். 214ஆவது பிரிவு கேட்பது நீதிமன்றம் தரும் 'வாரிசுரிமைச் சான்றிதழ்'. முன்னதைக் காட்டிக் கடன் வழக்கில் தீர்ப்பாணை பெற முடியாது. மேற்கு வங்கத்தில் உள்ளாட்சி உறுப்பினர்களிடம் வாங்கப்படும் வாரிசுச் சான்றும் அப்படித்தான். வங்கி வைப்புத்தொகையும் சட்டத்தின் பார்வையில் வங்கி இறந்தவருக்குத் தரவேண்டிய கடனே. நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கைதான். காப்பீட்டுத் தொகை குறித்த சர்பதி தேவி வழக்கில் 1983இல் உச்ச நீதிமன்றம் அவ்வாறே கூறியது. ஆகவே, நியமனதாரர் பெற்ற பணத்தையும் புதிய நிர்வாகி கேட்கலாம்.

கரியாஹாட்டில் குடியிருந்தவரின் சொத்துக்கு அலிப்பூரிலுள்ள மாவட்ட நீதிபதியிடமோ, அவருக்கு இணையான அதிகாரம் கொண்ட கொல்கத்தா உயர் நீதிமன்றத்திலோ ஆணை கோரலாம். கடனாளி சென்னையில் இருந்தால் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. 273ஆவது பிரிவின்படி நிர்வாக ஆணை பொதுவாக அது வழங்கப்பட்ட மாநிலத்துக்குள் செல்லும். உயர் நீதிமன்றம் வழங்கியது, வேறுவிதமாகக் கூறாவிட்டால், பிற மாநிலங்களிலும் செல்லும். மாவட்ட நீதிபதியின் ஆணைக்கு அந்த வீச்சு கிடைக்க, வெளிமாநிலச் சொத்து 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. இன்றைய விலைவாசியில் ஒரு கைப்பேசிக்குக்கூடப் போதாத தொகை அது.

கடனாளிக்கும் இதே பிரிவுதான் கவசம். ஆணை பெற்றவரிடம் செலுத்தினால் முழு விடுதலை. பழைய நிர்வாகி இறந்த செய்தி தெரிந்த பிறகும் அவருடைய மகனிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு வருபவருக்கு அந்தக் கவசம் இல்லை. அவர் இரண்டாம் முறை செலுத்த நேரலாம். புதிய நிர்வாகி என்று ஒருவர் கடிதம் அனுப்பினால், நீதிமன்ற ஆணையின் சான்றிட்ட நகலைக் கேட்பதும், அதில் இறந்தவரின் பெயரும் தேதியும் எஞ்சிய சொத்து என்ற குறிப்பும் உள்ளனவா என்று பார்ப்பதும், ரொக்கம் தவிர்த்துச் சொத்தின் பெயரிலான கணக்கில் செலுத்துவதும் போதுமானவை. வழக்கு நடந்துகொண்டிருந்தால் நீதிமன்றத்திலேயே தொகையைக் கட்டிவிடலாம்.

புதிய நிர்வாகியின் முதல் வேலை பெரும்பாலும் நீதிமன்றத்தில் தொடங்குவதில்லை. முன்னவரின் வீட்டு அலமாரியில் தொடங்குகிறது. புரோநோட்டுகள், பகுதித் தொகை ரசீதுகள், கடனாளிகளின் கடிதங்கள், பேரேடு ஆகியவற்றை முன்னவரின் வாரிசுகளிடம் பட்டியலிட்டுக் கையொப்பத்துடன் பெற வேண்டும். முன்னவர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த சொத்துப் பட்டியலின் நகல், எந்தக் கடன் வசூலானது, எது எஞ்சியது என்று காட்டும். ஆணை கிடைத்து ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும் ஓராண்டுக்குள் கணக்கையும் தாக்கல் செய்ய வேண்டும் என்ற 317ஆவது பிரிவு புதியவருக்கும் பொருந்தும். வேண்டுமென்றே அதைத் தவிர்த்தால், 263ஆவது பிரிவின்படி அவருடைய ஆணையும் ரத்தாகலாம்.